பறவைகளைத் தேடிப் போன ‘கேத்தே’ முதலாளி லோக் வான் தோ

பெடாஸ் - மார்ச் மாதம் வந்துவிட்டால் பெடாஸ், லிங்கி வட்டாரத் தோட்டங்களில் இருப்பவர்கள் நண்பகல் நேரத்தில் ஒருமுறை வானத்தை அண்ணாந்து பார்ப்பது நல்லது. இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்திற்குள் போய்விடக்கூடிய இடம், போர்ட்டிக்சனை அடுத்துள்ள தஞ்சோங் துவான். சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் தேன் பருந்துகள் அங்கே கூட்டம் கூட்டமாகக் கரை சேரும் மாதம் இது. ஜப்பான், வடசீனா, சைபீரியக் காடுகளில் வசந்தம் தொடங்கும் வேளையில், கூடு கட்டிக் குஞ்சு பொரிக்க அவை வடக்கே திரும்புகின்றன.

பருந்துகள் நெடுந்தூரம் சிறகடித்துப் பறப்பதில்லை. தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, பின் சறுக்கியபடியே முன்னேறும். கடலின் மேல் அந்தக் காற்று கிடைப்பது அரிது. அதனால்தான் நீரிணை குறுகியிருக்கும் இடமாகப் பார்த்துக் கடக்கின்றன. களைத்துத் தாழப் பறந்து வரும் அவற்றைத் தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்தின் அருகே நின்றால் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். மலேசிய இயற்கைக் கழகம் அங்கே மக்களைத் திரட்டிப் பருந்து பார்க்கும் நிகழ்ச்சியை நடத்தி வருகிறது.

பறவை பார்ப்பதெல்லாம் வெள்ளைக்காரர் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. அவர்கள் அறிந்துகொள்ள வேண்டியவர் இந்த மண்ணில் பிறந்த லோக் வான் தோ. ‘கேத்தே’ தியேட்டர்களில் படம் பார்த்த தாத்தா பாட்டிகளுக்கு அவர் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அந்தத் தியேட்டர்கள் அவருடையவை.

1915 ஜூன் 14-ஆம் தேதி கோலாலம்பூரில் பிறந்தார். தந்தை லோக் யூ, சிறு வயதில் வெறுங்கையோடு சீனாவிலிருந்து வந்து, ஈயச் சுரங்கத்திலும் ரப்பரிலும் பெரும் செல்வம் சேர்த்தவர். கோலாலம்பூரில் இன்றும் அவர் பெயரில் சாலை இருக்கிறது. மகனுக்கு இரண்டு வயது நிறைவதற்கு முன்பே, 1917-இல், தந்தை காலமானார். தாயார் லிம் செங் கிம்மின் பொறுப்பில் வளர்ந்த வான் தோ, விக்டோரியா கல்வி நிலையத்தில் படித்தார். பின்னர் சுவிட்சர்லாந்துக்கும், அங்கிருந்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கும் சென்றார். தாயும் மகனும் சேர்ந்து தொடங்கிய சினிமாத் தொழில் வளர்ந்து, 1939-இல் சிங்கப்பூரில் குளிர்சாதன வசதியுடன் கேத்தே தியேட்டர் திறக்கப்பட்டது.

மூன்றே ஆண்டுகளில் எல்லாம் தலைகீழானது. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் சிங்கப்பூரை நெருங்கியபோது அவர் கப்பலேறித் தப்பினார். பங்கா நீரிணையில் அந்தக் கப்பல் மீது குண்டு விழுந்தது. உடலெல்லாம் தீக்காயம், கண் பார்வையும் போனது. உயிரோடு மீட்கப்பட்டு பத்தாவியாவில் சிகிச்சை பெற்றார். பார்வை திரும்பியது. பிறகு இந்தியா போய்ச் சேர்ந்தார்.

அவருக்கு இந்தியா போக வழி இருந்தது. அதே போரில் நம் தோட்டத்து மக்களுக்கு அப்படி ஒரு வழி இருக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டனர்; பலர் திரும்பவே இல்லை. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது.

இந்தியாவில் அவருக்கு ஓர் ஆசான் கிடைத்தார். பறவை ஆய்வாளர் சாலிம் அலிதான் அவர். 1896-இல் பம்பாயில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, பர்மாவில் குடும்பத் தொழிலைப் பார்த்து, பின்னர் பறவை ஆய்வையே வாழ்க்கையாக்கிக் கொண்டவர். இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1941-இல் வெளிவந்திருந்தது. பறவையை எப்படிப் பார்ப்பது, எதைக் குறித்துக்கொள்வது என்பதை லோக் அவரிடம் கற்றார். இருவரும் சேர்ந்து பல பயணங்கள் போனார்கள். கூட்டின் அருகே மறைவிடம் கட்டி, அசையாமல் மணிக்கணக்கில் காத்திருந்து படம் எடுப்பது லோக்கின் வழக்கமானது. ஒருமுறை பார்வையை இழந்து மீண்டும் பெற்றவர், அந்தக் கண்களைக் கொண்டு செய்ய விரும்பிய வேலை இதுதான்.

போருக்குப் பின் சிங்கப்பூர் திரும்பித் தொழிலை மீண்டும் நிமிர்த்தினார். கேத்தே கிரிஸ் நிறுவனம் மலாய்ப் படங்களை எடுத்தது. 1957-இல் வெளிவந்து பெரும் வெற்றி பெற்ற ‘பொந்தியானாக்’ படத்தை இயக்கியவர் இந்தியரான பி. என். ராவ். தமிழரான எல். கிருஷ்ணனும் அந்த நிறுவனத்துக்குப் படங்கள் இயக்கினார். மலாயன் ஏர்வேஸ் விமான நிறுவனத்தின் தலைவர் பொறுப்பும் லோக்கிடம் வந்தது. இத்தனை வேலைக்கு நடுவிலும் கேமராவை அவர் கீழே வைக்கவில்லை. 1957-இலேயே ‘எ கம்பெனி ஆஃப் பேர்ட்ஸ்’ என்ற அவருடைய பறவை நூல் லண்டனில் வெளியானது. சாலிம் அலியின் களப்பயணங்களுக்குப் பணம் கொடுத்து உதவியதும் தொடர்ந்தது.

1964-இல் ஆசியத் திரைப்பட விழாவுக்காகத் தைவான் சென்றார். ஜூன் 20-ஆம் தேதி தைச்சுங்கிலிருந்து புறப்பட்ட விமானம் விழுந்து நொறுங்கியது. அவரும் மனைவியும் உட்பட 57 பேரும் மாண்டனர். லோக்கிற்கு 49 வயது நிறைந்து ஆறு நாள்களே ஆகியிருந்தன. அவரைவிட ஏறக்குறைய பத்தொன்பது வயது மூத்தவரான சாலிம் அலி, 1985-இல் வெளியான தம் சுயசரிதையில் அந்த நண்பரை நினைவுகூர்ந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1987-இல், அவரும் மறைந்தார். அந்த நாளும் ஜூன் 20.

லோக்கிடம் பணம் இருந்தது. விலை உயர்ந்த கேமரா இருந்தது. ஆனால் பறவை பார்க்க முதலில் வேண்டியது பொறுமை. பால்மரக் காட்டில் விடியற்காலையில் வேலை செய்த நம் முன்னோர், குரலைக் கேட்டே பறவையைச் சொன்னவர்கள். எலியை ஒழிக்கச் செம்பனைக் காட்டில் ஆந்தைக் கூண்டு வைப்பதை நம் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். தோட்டங்களை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயரும்போது, லயத்தோடு சேர்த்து அந்த அறிவையும் விட்டுவிட்டு வருகிறோம்.

பெடாஸிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளிப் பேருந்து மார்ச் மாத வார இறுதியில் தஞ்சோங் துவான் போய்வர அரை நாள் போதும். வெயில் ஏறிய பிறகு, காலை பதினொரு மணி வாக்கில் அங்கே இருந்தால் சரி. தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.