தாம் போட்ட வரியைத் தாமே சோதித்த கலெக்டர்

ஜலகண்டாபுரம் தறிக்காரர்களுக்குச் சேலையை விரித்துப் பார்ப்பது பழகிய வேலை. இழை அறுந்திருக்கிறதா, நீளம் குறைகிறதா என்று வியாபாரி பார்ப்பதற்கு முன்பே வீட்டில் பார்த்துவிடுவார்கள். சர்க்கார் தன் வேலையை இப்படித் தானே விரித்துப் பார்க்குமா? பார்த்தார் ஒருவர். அவர் இந்தச் சேலம் சீமையில் தொழில் பழகியவர். பெயர் தாமஸ் மன்றோ.

1761ல் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரில் பிறந்தார். 1780ல் கும்பினிப் பட்டாளத்தில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். திப்பு சுல்தானுடன் நடந்த போர் 1792ல் முடிந்ததும், சேலம் சீமையும் பாராமகாலும் கும்பினியார் கைக்கு வந்தன. அவற்றை நிர்வகிக்க வந்தவர் அலெக்சாண்டர் ரீடு. அவருக்கு உதவியாளர் மன்றோ. தருமபுரியில் தங்கினார், ஊர் ஊராகச் சுற்றினார். நிலம் அளப்பது, வரி போடுவது, குடியானவர் குறை கேட்பது எல்லாம் ஏழு ஆண்டுகளில் இங்கேதான் கற்றார்.

1800ல் நிஜாம் விட்டுக்கொடுத்த பல்லாரி, கடப்பைப் பகுதிகளுக்கு அவர் கலெக்டரானார். கூடாரமே வீடு. 33 அடிச் சங்கிலி போட்டு நிலத்தை எல்லாம் அளக்கச் செய்தார். அளப்பவன் கையில் நாலு காசு வைத்தால் பத்து ஏக்கர் எட்டாகிவிடும் அல்லவா? அதனால் அளந்த நிலத்தில் ஒரு பகுதியை மறுபடி அளக்க வேறு ஆட்களை வைத்தார். பொய் அளவு அகப்பட்டால் வேலை போய்விடும்.

அடுத்தவன் தவறைக் கண்டுபிடிப்பது சுலபம். 1807ல் மன்றோ தம் வேலையையே சோதித்தார். தாம் போட்ட வரி, விளைச்சலில் நூற்றுக்குச் சுமார் 45 பங்கு என்று கண்டார். இது அதிகம், குடியானவன் தாங்கமாட்டான். ஆகவே வரியில் கால் பங்கு குறைக்க வேண்டும், தோட்ட நிலத்துக்கு மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். வசூலைக் குறைக்கச் சொல்லி எந்தக் கலெக்டர் எழுதுவார்!

மேலிடம் கேட்கவில்லை. கிராமங்களைக் குத்தகைக்கு விட்டது. குத்தகைதாரர் பலர் நொடித்தார்கள், குடிகளும் நசிந்தார்கள்.

சீமைக்குப் போயிருந்த மன்றோ 1814ல் திரும்பி வந்தார். அப்போது கோயமுத்தூர்க் கஜானாவில் பெரிய மோசடி நடந்திருந்தது. கஜானா அதிகாரி காசிச் செட்டி மேல் குற்றச்சாட்டு. மன்றோவும் ஜான் சல்லிவனும் அதை விசாரித்தார்கள். இதே சல்லிவன்தான் பின்னாளில் உதகமண்டலம் நகரை உண்டாக்கியவர். திருடியவனைப் பிடித்ததோடு மன்றோ நிற்கவில்லை. இத்தனை நாள் இது வெளியே வராமல் இருந்தது எப்படி என்று பார்த்தார். கலெக்டர் ஒரே ஆளை நம்பிக் கண்ணை மூடியிருந்தார். இந்திய ஊழியர்களுக்கோ அற்பச் சம்பளம். அவர்களுக்கு நல்ல சம்பளமும் பொறுப்பான பதவியும் கொடுக்க வேண்டும் என்று மன்றோ பலமுறை வற்புறுத்தினார்.

1820ல் அவரே சென்னைக் கவர்னரானார். 1807ல் கேட்ட வரிக் குறைப்பு அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது. பதின்மூன்று ஆண்டு தாமதம்.

வேலையை விட்டு ஊர் திரும்பும் முன், பழைய ஜில்லாக்களை ஒருமுறை பார்க்கப் புறப்பட்டார். வழியில் பத்திகொண்டாவில் காலரா கண்டது. 1827 ஜூலை 6ந் தேதி இறந்தார். முதலில் கூத்தியில் புதைத்தார்கள். பிறகு சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் மாதா கோவிலுக்குக் கொண்டு வந்தார்கள்.