சக்கர நாற்காலியில் அமர்ந்த அறுவை மருத்துவர்

1954 ஜனவரி இறுதியில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர்கள் சிலர் காரில் உல்லாசப் பயணம் புறப்பட்டனர். முன்னே சென்ற பேருந்தை முந்த முயன்றபோது கார் விபத்துக்குள்ளானது. அவர்களுள் ஒருவரான மேரி வர்கீஸுக்கு முகம் சிதைந்தது. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அப்போது அவருக்கு வயது 28.

1925-இல் கொச்சியில் பிறந்து வேலூரில் மருத்துவம் பயின்ற மேரி, மகளிர் நோய் மருத்துவத்தில் தேர்ச்சி பெற விரும்பியவர். மணிக்கணக்கில் நின்று பணிபுரிய வேண்டிய துறை அது. அந்தக் கதவு அடைபட்டது.

வேறொரு கதவைக் காட்டியவர் பால் பிராண்ட். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்திக்கொண்டிருந்தவர் அவர். கை அறுவை சிகிச்சையை மருத்துவர்கள் இயல்பாகவே அமர்ந்துதான் செய்கிறார்கள். சக்கர நாற்காலி அங்கே ஒரு தடையே அல்ல. மேரி அக்கலையைக் கற்றார். தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்தார். நடக்க இயலாத மருத்துவரைக் கண்ட நோயாளிகளுக்குத் துணிவு பிறந்தது.

மேரியின் வரலாற்றை மனவுறுதியின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அது பாதி உண்மை. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர் அசையாமல் அமர்ந்திருந்தால் படுக்கைப்புண் வரும். சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்பத் தாக்கும். மனவுறுதி இவற்றைக் குணப்படுத்தாது. மேரியை அனுப்பிவிடாமல், அவரால் இயன்ற பணியைத் தேடித் தந்த ஆசிரியர்களும் நிறுவனமும் இருந்தமையே மீதிப் பாதி.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்ற மேரி, பின்னர் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் அத்துறையையே உயர்கல்வியாகப் பயின்றார். நோயாளியாகத் தாம் அறிந்ததை மாணவியாகவும் கற்றுத் திரும்பியவர், வேலூரில் உடலியல் மருத்துவ, மறுவாழ்வுத் துறைக்குத் தலைமையேற்றார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ விருது, 1986-இல் மறைவு.

பிராண்ட் அன்று கேட்டது எளிய கேள்வி: இவரால் எது இயலும்? நம் சேர்க்கைக் குழுக்களோ நெடுங்காலம் ஊனத்தின் விழுக்காட்டையே எண்ணிக்கொண்டிருந்தன. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கியது. எனினும், விழுக்காட்டை மட்டுமே காட்டி மருத்துவப் படிப்பை மறுக்கலாகாது, மாணவரால் அப்படிப்பைத் தொடர இயலுமா என்றே ஆராய வேண்டும் என உச்சநீதிமன்றம் 2024 அக்டோபரில் சொல்ல நேர்ந்தது.

சேர்க்கைக்குப் பிறகான நாள்கள் வேறு. தொற்றால் இரு வாரம் படுத்துவிட்ட மாணவரின் வருகைப்பதிவுக்கு யார் பொறுப்பு? மின்தூக்கி இல்லாத ஆய்வகம் இரண்டாம் மாடியில் இருந்தால் என்ன செய்வது? இக்கேள்விகளோடு துறைத்தலைவரின் அறை வாசலில் காத்திருக்கும் மாணவர்கள் ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர்க் கல்லூரிகளிலும் இருக்கிறார்கள்.