ரெபேக்கா லீ கிரம்ப்ளர்: முப்பதை நெருங்கும் வயதில் மருத்துவக் கல்லூரி வாசலில்

இணையத்தில் ரெபேக்கா லீ கிரம்ப்ளரின் பெயரைத் தேடுவோருக்குச் சில புகைப்படங்கள் கிடைக்கும். அவற்றுள் ஒன்றும் அவருடையதன்று. அமெரிக்காவில் முறையாகப் பயின்று தேறிய முதல் கறுப்பினச் செவிலியான மேரி மஹோனியின் படமே பல இடங்களில் அவர் பெயரோடு உலவுகிறது. அந்நாட்டில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணின் முகம் எப்படியிருந்தது என்பது நமக்குத் தெரியாது. அவரைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி, 1883இல் வெளியான தம் மருத்துவ நூலின் தொடக்கத்தில் அவரே எழுதிவைத்த சில வரிகளிலிருந்து வந்தது.

ரெபேக்கா 1831இல் டெலவேர் மாநிலத்தில் பிறந்தார். பென்சில்வேனியாவில் அவரை வளர்த்தவர் நெருங்கிய உறவினரான ஒரு பெண்மணி. அக்கம்பக்கத்தில் யார் நோயுற்றாலும் அப்பெண்மணியைத்தான் அழைப்பார்கள். அவருடன் சென்று பார்த்துப் பழகிய சிறுமி, 1852இல் பாஸ்டனை அடுத்த சார்ல்ஸ்டவுனில் செவிலியாக வேலைக்குச் சேர்ந்தார். செவிலியருக்கென்று பயிற்சிப் பள்ளிகள் இல்லாத காலம் அது. எட்டு ஆண்டுகள் வெவ்வேறு மருத்துவர்களின்கீழ்ப் பணியாற்றினார். அந்த மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த பரிந்துரைக் கடிதங்களே 1860இல் நியூ இங்கிலாந்து பெண்கள் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு இடம் பெற்றுத் தந்தன. அப்போது அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் இருந்தனர். பெண்கள் ஏறத்தாழ 300 பேர். கறுப்பினப் பெண் ஒருவர்கூட இல்லை.

படிப்புக்கிடையே உள்நாட்டுப் போர் மூண்டது. 1863இல் முதல் கணவர் வையட் லீ காசநோயால் இறந்தார். அடிமைமுறை எதிர்ப்பாளரான ஒஹையோ அரசியல்வாதி பெஞ்சமின் வேடின் பெயரிலமைந்த நிதி கல்விச் செலவுக்கு உதவியது. 1864இல் பட்டம் வழங்கும் வேளையில் ஆசிரியர்கள் தயங்கினர்: முன்கல்வி போதாது, பாடங்களில் முன்னேற்றம் மெதுவானது என்பது அவர்களின் குறை. ஆவணங்களோடு தினமும் மல்லுக்கட்டும் வழக்கறிஞர்களாகிய நமக்கு இது பழகிய வாசகம். எட்டு ஆண்டுகள் நோயாளியின் கட்டிலருகே நின்றவரின் அறிவு பதிவேட்டில் ஏறுவதில்லை. மெதுவாகப் படித்தார் என்பது மட்டும் ஏறிவிடுகிறது. ஆயினும் பட்டம் கிடைத்தது. 1873இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்துடன் இணையும்வரை அக்கல்லூரி உருவாக்கிய ஒரே கறுப்பின மருத்துவர் அவர்தான்.

1865இல் போர் முடிந்ததும், பாதுகாப்பான பாஸ்டனை விட்டு, அடிமை உடைமையாளர்களின் தலைநகராக இருந்த ரிச்மண்டுக்குச் சென்றார். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கென அரசு அமைத்த ஃப்ரீட்மென்ஸ் பீரோவோடு இணைந்து, வெள்ளை மருத்துவர்கள் தொட மறுத்த நோயாளிகளுக்குச் சிகிச்சையளித்தார். சக மருத்துவர்கள் அவரை மதிக்கவில்லை. மருந்துக் கடைக்காரர்கள் அவர் எழுதிய சீட்டுக்கு மருந்து தரத் தயங்கினர். பட்டம் கையிலிருந்தும் சீட்டு செல்லவில்லையென்றால், பாதிக்கப்படுபவர் மருத்துவர் மட்டுமல்லர்; மருந்துக்காகக் காத்துக்கிடக்கும் நோயாளியும்தான்.

பின்னர் பாஸ்டனுக்குத் திரும்பி, ஜாய் தெருவில் வீட்டிலேயே மருத்துவம் பார்த்தார். ஏழைகளிடம் கட்டணத்தைப் பொருட்படுத்தவில்லை. பல ஆண்டுகளாக எழுதிவந்த குறிப்பேடுகளிலிருந்தே அவருடைய நூல் உருவானது. குழந்தைகளின் நோய்கள், பெண்களின் உடல்நலம் ஆகியவை பற்றிய அந்நூலை அவர் மருத்துவர்களுக்காக எழுதவில்லை. தாய்மார்களுக்கும் செவிலியருக்குமே படைத்தார். தாம் புறப்பட்ட இடத்தை மறக்காதவர் என்றே நமக்குத் தோன்றுகிறது.

1895இல் இறந்தார். கல்லறைக்குக் கல் நாட்டப்பட்டது 2020இல்.

இரண்டாம் கணவர் ஆர்தர் கிரம்ப்ளர் வர்ஜீனியாவில் அடிமையாக இருந்து தப்பியவர், எழுத்தறியாதவர். மனைவி இருந்தவரை செய்தித்தாளை அவரே வாசித்துக் காட்டுவார். அவர் மறைந்தபின், எழுபது வயதைக் கடந்த ஆர்தர் பாஸ்டனின் இரவுப் பள்ளியில் சேர்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினார்.