வெறுங்காலுடன் வந்த குருவானவர்

புத்தளம் நகருக்கு வடக்கே, கலா ஓயா கடலைச் சேரும் கரையும் வில்பத்துக் காட்டின் ஓரமுமாக விரிந்து கிடப்பது வண்ணாத்திவில்லு. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னரும், 2025 நவம்பரில் வீசிய டித்வா புயலுக்குப் பின்னரும், துயர்துடைப்புப் பணிக்கெனப் புறப்பட்ட பிள்ளைகளை இந்நாட்டின் எத்தனையோ குடும்பங்கள் கலங்கிய கண்களுடன் வழியனுப்பின. அத்தகைய பயணத்துக்கு எவ்வாறு ஆயத்தமாவது என்ற கேள்வி எழும்போது, 1690இல் இதே புத்தளப் பகுதிக்கு வந்து ஓராண்டளவு உழைத்த புனித யோசப் வாஸ் அடிகளாரை எண்ணாதிருக்க இயலாது.

அடிகளார் 1651 ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவின் பெனோலிம் என்னும் ஊரில் பிறந்தார். 1676இல் குருத்துவத் திருநிலை பெற்றபின், ஏழைகளைப் போல வெறுங்காலுடன் நடக்கலானார். ஒல்லாந்தரின் ஆட்சியில் இலங்கைக் கத்தோலிக்கர் குருக்களின்றித் தவிக்கும் செய்தி அவர் நெஞ்சைத் தைத்தது. அங்கே செல்ல அனுமதி வேண்டினார். ஆனால் 1681இல் அவர் அனுப்பப்பட்டது கன்னடக் கரைக்கு. முணுமுணுக்காமல் சென்று மூன்றாண்டுகள் பணியாற்றினார். போக விரும்பிய இடத்துக்குப் போகாமலிருப்பதும் ஆயத்தத்தின் ஒரு பகுதி போலும்!

கோவாவுக்குத் திரும்பி 1685இல் ஒரத்தோரியக் குருக்களின் இல்லத்தில் சேர்ந்தார். விரைவிலேயே அதன் தலைவருமானார். மறு ஆண்டே அப்பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார். குருவுக்குரிய அங்கியைக் களைந்து கூலியாளின் உடை உடுத்தினார். திருப்பலிக்கு வேண்டியவற்றை மூட்டைக்குள் மறைத்துக்கொண்டார். யோவான் என்னும் உண்மைப் பணியாளர் உடன் வந்தார். கத்தோலிக்கக் குரு என்று அறியப்பட்டால் ஒல்லாந்தர் விடமாட்டார்கள். கூலியாளாக வருபவரின் பாதங்கள் மென்மையாக இருந்திருந்தால் அந்த வேடம் எத்தனை நாள் நிலைத்திருக்கும்? பத்தாண்டுகளுக்கு முன் தொடங்கிய வெறுங்கால் நடை இப்போது கைகொடுத்தது.

1687இல் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தபோது, கடும் வயிற்றுக்கடுப்பால் இருவரும் நலிந்திருந்தனர். தொற்றுநோய்க்கு அஞ்சிய ஊரார் அவர்களை ஊருக்கு வெளியே காட்டோரத்தில் விட்டுவிட்டனர் என்றும், இரக்கமுள்ள பெண்ணொருவர் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினார் என்றும் பழைய சரிதங்கள் கூறுகின்றன. உதவி செய்ய வந்தவர் முதலில் உதவி பெற்றே உயிர் பிழைத்தார்.

பின்னர் கழுத்தில் செபமாலை அணிந்து, வீடு வீடாகப் பிச்சை கேட்டபடி கத்தோலிக்கரைத் தேடினார். சில்லாலையை மையமாகக் கொண்டு இரவுகளில் திருப்பலி நிறைவேற்றினார். ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானதும் புத்தளம் வந்தார். இங்கிருந்து 1692இல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேய ஒற்றன் எனக் குற்றஞ்சாட்டிச் சிறையிட்டனர். அங்கே சிங்களம் கற்றார்.

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனும் செல்வர்களும் நகரை விட்டு அகன்றனர். நோயுற்றவர்களைக் காட்டில் விட்டுவருவது அக்கால வழக்கம். அடிகளாரும், கோவாவிலிருந்து வந்திருந்த அவருடைய மருமகனாகிய யோசப் கார்வாலோ அடிகளாரும் அக்காட்டுக்குச் சென்றனர். குடிசைகள் அமைத்தனர். உணவூட்டினர், புண்களைக் கழுவினர், இறந்தோரை அடக்கம் செய்தனர். சமய வேறுபாடு பார்க்கவில்லை. மருந்து அவர்களிடம் பெரிதாக எதுவும் இருந்ததில்லை. நோயாளியின் அருகில் அமரும் துணிவு இருந்தது. யாழ்ப்பாணத்துக் காட்டோரத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த அந்த நாள்களை அடிகளார் மறந்திருப்பாரா? இத்தொண்டைக் கண்ட அரசன் அவருக்குத் தன் நாட்டில் தடையின்றிப் பணியாற்ற இசைவு அளித்தான்.

சென்ற பணி முடிந்ததும் வீடு திரும்பும் பேறு நம் பிள்ளைகளுக்கு உண்டு. அடிகளாரோ கோவாவைப் பின்னர் ஒருபோதும் காணவில்லை. 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். கண்டியில் அவரை அடக்கம் செய்த இடம் எதுவென்று இன்று எவருக்கும் தெரியாது.