சொல்ல விடாததைச் சொன்ன செர்லிங்!

புத்தாண்டு என்றால் அமெரிக்காவில் பல குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. டெலிவிஷனில் ஒரு பழைய தொடரை இரவு பகலாக விடாமல் ஓட்டுவார்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள்.

எந்தக் கதை எத்தனை மணிக்கு வரும் என்ற பட்டியல் முன்பே வெளிவந்துவிடும். ரசிகர்கள் அதை வைத்துக்கொண்டு பெரிய வாதமே நடத்துவார்கள். நல்ல கதையை நடுச்சாமத்தில் போடலாமா என்று கோபித்துக்கொள்கிறவர்களும் உண்டு.

இளைஞர் சிலர் இந்தக் கதைகளை முதல் தடவையாகப் பார்க்கிறார்கள். பார்க்கும்போது தங்கள் முகம் போகிற போக்கையும் படம் பிடித்து யூடியூபில் போடுகிறார்கள். அடுத்த வாரம் எந்தக் கதை என்று ரசிகர்கள் அவர்களை நச்சரிக்கிறார்கள்.

இத்தனைக்கும் அது கறுப்பு வெள்ளைப் படம். எடுத்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது!

தொடரின் பெயர் 'தி டுவைலைட் ஸோன்'. பகலும் அல்லாத, இரவும் அல்லாத அந்தி மயங்கும் இடம் என்று பொருள் சொல்லலாம். அதைப் படைத்தவர் ராட் செர்லிங்.

விஞ்ஞானக் கதைமேல் கொண்ட ஆசை மட்டும் அவரை அந்தப் பக்கம் இழுத்து வரவில்லை. ஊரில் நடந்த உண்மையைச் சொல்ல விடாமல் தடுத்தார்கள். அதனால்தான் வந்தார்.

வாய் ஓயாத பிள்ளை

செர்லிங் 1924-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி பிறந்தார். பிறந்த ஊர் நியூயார்க் மாகாணத்திலுள்ள சிரக்யூஸ். வளர்ந்த ஊர் பிங்காம்டன். யூதக் குடும்பம். தகப்பனார் இறைச்சிக் கடை வைத்திருந்தார்.

பையனுக்கு நடிப்பில் ஆசை. தகப்பனார் வீட்டின் நிலவறையில் ஒரு சிறிய மேடை கட்டிக் கொடுத்தார். பிள்ளை அதில் நாடகம் போட்டான்.

பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு! ஒரு நாள் குடும்பத்தோடு காரில் போனார்கள். இரண்டு மணி நேரப் பயணம். யாரும் வாய் திறக்கக்கூடாது, பிள்ளை கவனிக்கிறானா பார்ப்போம் என்று மற்றவர்கள் பேசி வைத்துக்கொண்டார்கள். அவன் கவனிக்கவே இல்லை. ஊர் போய்ச் சேரும்வரை தானே பேசிக்கொண்டு வந்தான்!

போர்க்களம்

1943-ம் ஆண்டு பள்ளிப் படிப்பு முடிந்தது. இரண்டாவது உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். செர்லிங் பட்டாளத்தில் சேர்ந்தார். உயரம் ஐந்தடி நான்கு அங்குலம்தான். ஆனாலும் பாரசூட் படையில் இடம் பிடித்தார். குத்துச்சண்டையும் போட்டார். மூக்கு உடைந்தது.

பிலிப்பைன்ஸ் தீவுகளில் போர் செய்தார். அங்கே ஒரு கொடுமையைக் கண்ணால் கண்டார். பட்டினி கிடந்த வீரர்களுக்காக விமானத்திலிருந்து உணவுப் பெட்டிகளைப் போட்டார்கள். அதில் ஒரு பெட்டி அவருடைய நண்பர்மேல் விழுந்தது. நண்பர் அந்த இடத்திலேயே மாண்டார். உயிர் காக்க வந்த சோறே உயிரைக் குடித்தது! எதிர்பாராத முடிவு என்பதை அவர் கதைப் புத்தகத்திலிருந்து கற்கவில்லை.

செர்லிங்குக்கும் மணிக்கட்டிலும் முழங்காலிலும் காயம். 1945-ம் ஆண்டு தகப்பனார் மாரடைப்பால் காலமானார். வயது 52. மகனுக்கு லீவு கிடைக்கவில்லை.

போர் முடிந்ததும், வீரர்களுக்கு அரசாங்கம் கொடுத்த படிப்புச் சலுகையில் ஓஹையோவிலுள்ள அந்தியோக் கல்லூரியில் சேர்ந்தார். இரவில் கெட்ட கனவுகள் வந்தன. மனதில் கிடந்ததை எழுதித் தீர்க்க ஆரம்பித்தார். உடன் படித்த கேரல் என்ற பெண்ணை 1948-ல் மணந்தார். பணத்துக்காகப் புதிய பாரசூட்டுகளைக் குதித்துச் சோதிக்கும் வேலையும் பார்த்தார்.

மறுபடியும் போடுங்கள்!

பிறகு ரேடியோ நிலையத்தில் வேலை. இரவில் டெலிவிஷனுக்கு நாடகம் எழுதுவார். அனுப்பியவை திரும்பி வரும். அவர் விடவில்லை.

1955-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி அவருடைய 'பேட்டர்ன்ஸ்' நாடகம் ஒளிபரப்பாயிற்று. பெரிய கம்பெனியில் ஒரு வயதான அதிகாரியை எப்படி அவமானப்படுத்தி விரட்டுகிறார்கள் என்பது கதை.

அந்தக் காலத்தில் நடிகர்கள் நிலையத்திலேயே நேரடியாக நடிப்பார்கள். ஒரு தடவை நடித்தால் அதோடு சரி. ஆனால் இந்த நாடகத்துக்கு அபாரமான வரவேற்பு. அதனால் பிப்ரவரி 9-ந் தேதி அதையே மறுபடி நடித்துக் காட்டினார்கள். ரசிகர்களின் ஆதரவு அவருக்கு முதல் தடவையாகக் கைகொடுத்தது.

டெலிவிஷன் துறையின் உயர்ந்த பரிசான எம்மி பரிசு கிடைத்தது. பின்னாளில் மொத்தம் ஆறு எம்மி பரிசுகள் பெற்றார்.

கத்தரிக்கோல்

அதே 1955-ம் ஆண்டில் நாட்டையே உலுக்கிய கொலை ஒன்று நடந்தது. எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை மிசிசிப்பி மாகாணத்தில் அடித்துக் கொன்றார்கள். குற்றம் சாட்டப்பட்ட வெள்ளையர் இருவரையும் கோர்ட்டு விடுதலை செய்தது.

செர்லிங் மனம் கொதித்தது. நாடகம் எழுதினார். ஆனால் அன்றைய டெலிவிஷனில் பணம் கொடுத்தவர்கள் விளம்பரக் கம்பெனிகள். தெற்கு மாகாணத்து வெள்ளையர்கள் பொருளை வாங்காமல் போய்விடுவார்களே என்று பயந்தார்கள். கத்தரிக்கோலை எடுத்தார்கள்.

கதை நடக்கும் இடத்தை வடக்கே மாற்றினார்கள். கொலையுண்டவன் யாரோ ஒரு அயல்நாட்டான் என்று ஆக்கினார்கள். 1956-ல் நாடகம் வந்தபோது அதில் உயிரில்லை. 1958-ல் மறுபடி முயன்றார். அந்தக் கதையையும் பழங்காலத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

செர்லிங் யோசித்தார். மனிதன் மனிதனைக் கொன்ற கதையைச் சொல்ல விடமாட்டேன் என்கிறார்கள். அதையே வேறு கிரகத்து ஆள் சொன்னால்? எதிர்காலத்தில் நடந்ததாகச் சொன்னால்? யார் தடுப்பார்கள்?

வழி பிறந்தது!

கடிதக் கட்டுகள்

அவர் எழுதிய ஒரு கதையை சி.பி.எஸ். கம்பெனி விலைக்கு வாங்கி மூலையில் போட்டிருந்தது. ஒருவன் கனவில் பழைய காலத்துக்குப் போகிறான். மறுநாள் பேர்ல் ஹார்பரில் குண்டு விழப்போகிறது என்று எச்சரிக்கிறான். யாரும் நம்பவில்லை. இதுதான் கதை. வேறொரு தயாரிப்பாளர் அதைத் தேடி எடுத்து 1958-ம் ஆண்டு நவம்பரில் நாடகமாக்கினார்.

ரசிகர்களிடமிருந்து 6,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்து குவிந்தன. இது வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள். தொடர் எடுக்கச் சம்மதித்தார்கள்.

1959-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்கு 'தி டுவைலைட் ஸோன்' தொடங்கியது. மொத்தம் 156 கதைகள். அவற்றில் 92 கதைகளுக்கு செர்லிங்கே வசனம் எழுதினார். சில காலத்துக்குப் பின் தாமே திரையில் தோன்றிக் கதையை அறிமுகமும் செய்தார்.

1960-ல் வந்த ஒரு கதையைப் பாருங்கள். அமைதியான தெரு. திடீரென்று மின்சாரம் நின்றுவிடுகிறது. வேற்றுக் கிரகத்தார் மனித உருவில் நம் நடுவே இருக்கக்கூடும் என்று ஒரு பையன் சொல்கிறான். அவ்வளவுதான்! ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தால் சந்தேகம். ஒருவன் இரவில் தூங்காவிட்டால் சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரனையே சுட்டு விடுகிறார்கள். குன்றின்மேல் உண்மையான வேற்றுக் கிரகத்தார் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். விளக்கை அணைத்தால் போதும், மனிதர்கள் தாங்களே அடித்துக்கொண்டு அழிவார்கள் என்பது அவர்கள் கணக்கு!

கத்தரிக்கோல் வைத்திருந்தவர்கள் இதை விட்டுவிட்டார்கள். பார்த்தவர்களுக்கோ விஷயம் புரிந்தது.

நேரம் பறிபோனது

1962-ல் விளம்பரக் கம்பெனி கிடைப்பது தாமதமாயிற்று. வெள்ளிக்கிழமை இரவு நேரத்தை வேறு நிகழ்ச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். 1963 ஜனவரியில் வியாழக்கிழமைக்கு மாற்றி, அரை மணிக் கதையை ஒரு மணியாக நீட்டினார்கள். சுவை குறைந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் மறுபடி வெள்ளிக்கிழமை, அரை மணி. 1964 ஜூனில் தொடர் முடிந்தது.

தொடரில் தமக்கிருந்த பங்கை செர்லிங் கம்பெனிக்கே விற்றுவிட்டார். இனி இதில் என்ன வரப்போகிறது என்று நினைத்தார். அந்தத் தொடரோ ஊர் ஊராக, ஆண்டுக்கணக்காக ஓடிப் பணத்தைக் குவித்தது. அதில் அவருக்குப் பங்கில்லை.

1968-ல் வந்த 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்துக்குக் கதை வசனம் எழுதியவர்களில் அவரும் ஒருவர். இதாகா கல்லூரியில் மாணவர்களுக்கு எழுத்துக் கலையும் கற்றுக் கொடுத்தார்.

கையில் எப்போதும் சிகரெட். அவருடைய தொடருக்கே சிகரெட் கம்பெனி பணம் கொடுத்தது உண்டு. அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. 1975-ம் ஆண்டு மாரடைப்பு வந்தது. இருதய ஆபரேஷன் செய்தார்கள். ஜூன் 28-ந் தேதி ராச்செஸ்டர் நகரில் காலமானார். வயது 50. தகப்பனார் வாழ்ந்த அளவுகூட வாழவில்லை.

2024-ம் ஆண்டு பிங்காம்டன் பூங்காவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். சிறு வயதில் அவர் ராட்டினம் சுற்றிய பூங்கா அது.

விளம்பரக் கம்பெனிகள் எந்த வரியை வெட்டின என்பது இன்று யாருக்கும் தேவையில்லை. வெட்ட முடியாதபடி செர்லிங் எழுதியவை பேரன் பேத்தி காலத்திலும் ஓடுகின்றன. அன்று 6,000 பேர் தபால் போட்டுக் கேட்டார்கள். அந்தக் கோரிக்கை இன்னும் நின்றபாடில்லை!