யார் இந்த ஹெர்ஷல்? மண்ணின் பூர்வீகம் சொல்லும் கதிரைக் கண்டுபிடித்த இசைக்கலைஞர்

ஜெர்மனியின் ஹானோவரில் 1738-ல் பிறந்தவர் வில்லியம் ஹெர்ஷல். அடிப்படையில் இசைக்கலைஞர். 1757-ல் இங்கிலாந்துக்குப் போனவர், பிறகு பாத் நகர தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். ராத்திரியானால் போதும், தானே செய்த தொலைநோக்கியோடு வானம் பார்க்கக் கிளம்பிடுவார். 1781-ல் யுரேனஸைக் கண்டுபிடித்ததும் புகழ் தேடி வந்தது.

1800-ல், 61 வயதில் இன்னொரு ஆச்சரியம். சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, எந்த நிறத்தில் எவ்வளவு சூடு என்று தெர்மாமீட்டரால் அளந்தார். சிவப்பையும் தாண்டி, வெளிச்சமே தெரியாத இடத்தில்தான் சூடு அதிகம்! அதுதான் அகச்சிவப்புக் கதிர். ஆனா, அதுவும் ஒளியின் ஒரு வகைதான் என்பதை அவர் கடைசியில் ஏற்கவில்லை. 1822-ல் காலமானார்.

சரி, மண்ணுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இன்று ஆய்வகங்களில் மண் மாதிரி மீது அதே கதிரைப் பாய்ச்சுகிறார்கள். இலையின் மெழுகு, மரத்தின் லிக்னின், தீயில் கருகிய கரி என ஒவ்வொன்றும் தனக்கே உரிய அலைநீளங்களை உறிஞ்சும். அந்த அடையாளத்தை வைத்து, மண்ணிலுள்ள கரிமப் பொருள் எங்கிருந்து வந்திருக்கும் என்று கணிக்கலாம். எது சீக்கிரம் மக்கி கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் கலக்கும், எது மண்ணிலேயே நீண்ட காலம் தங்கும் என்பதற்கும் இதில் துப்பு கிடைக்கும். பருவநிலை மாறிவரும் காலத்தில் அந்தக் கணக்கு ரொம்பவே முக்கியம்.