தோற்ற பிறகு தியான்சந்த் என்ன செய்தார்?

ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு தினம். அது யாருடைய பிறந்தநாள் தெரியுமா? ஹாக்கி வீரர் தியான்சந்த் அவர்களுடைய பிறந்தநாள்.

அவர் 1905-ல் அலகாபாத்தில் பிறந்தார். அப்பா ராணுவ வீரர். இவரும் 1922-ல் ராணுவத்தில் சேர்ந்தார். பகலில் வேலை இருக்கும். அதனால ராத்திரி நிலா வெளிச்சத்தில் ஹாக்கி பழகுவாராம். இந்தியில் சந்த் என்றால் நிலா. தியான் சிங் என்ற பெயர் தியான்சந்த் ஆனது இதனாலதான் என்று சொல்வார்கள்.

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 14 கோல் அடித்தார். இந்தியாவுக்குத் தங்கம். 1932-லும் தங்கம். 1936-ல் பெர்லின் போன அணிக்கு அவர்தான் கேப்டன். இந்த முறையும் தங்கம் நமக்குத்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஆனா, ஒலிம்பிக் தொடங்கும் முன்னாடி ஜூலையில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி 4-1 என்று இந்தியாவைத் தோற்கடித்தது! தியான்சந்துக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

பயிற்சி ஆட்டம்தானே என்று அவர் சும்மா இருக்கவில்லை. அணியில் எங்கே ஓட்டை என்று பெரியவர்களோடு உட்கார்ந்து பேசினார். அப்போது முன்வரிசையில் ஐந்து பேர் ஆடுவார்கள். நடுவில் தியான்சந்த். அவருக்கு வலது பக்கம் நின்று பந்தைக் கொடுத்து வாங்குகிற இடம்தான் பலவீனமாக இருந்தது. உடனே இந்தியாவுக்குத் தந்தி போனது. தாரா என்ற வீரர் விமானத்தில் கிளம்பி, அரையிறுதிக்குள் வந்து சேர்ந்தார். அவருக்காக, அதுவரை ஆடிய ஒருவர் வெளியே உட்கார வேண்டியதாயிற்று. அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். ஆனா அணி முக்கியம் இல்லையா?

அரையிறுதியில் பிரான்சை 10-0 என்று வென்றோம். இறுதி ஆட்டத்தில் மறுபடியும் அதே ஜெர்மனி! மழையால் ஒருநாள் தள்ளிப்போய் ஆகஸ்ட் 15-ல் ஆட்டம் நடந்தது. தரை ஈரம். இடைவேளை வரைக்கும் ஒரே ஒரு கோல்தான். இது சரிப்படாது என்று தியான்சந்த் ஆணி வைத்த ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார். அதுக்கப்புறம் இந்தியா 7 கோல் போட்டது! 8-1 என்று மூன்றாவது தங்கம் கிடைத்தது. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா வாங்கிய கோல் அந்த ஒன்றுதான்.

1956-ல் மேஜராக ஓய்வு பெற்றார். பத்மபூஷண் விருதும் கிடைத்தது. பிறகு பாட்டியாலாவில் பயிற்சியாளராக இருந்தார். 1979 டிசம்பர் 3-ல் மறைந்தார். 2021-ல் கேல் ரத்னா விருதுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

தோழிகளே, தோழர்களே! கபடியிலோ கோகோவிலோ தோற்றால் நாம் முதலில் என்ன செய்வோம்? அம்பயர் சரியில்லை என்போம். இல்லையென்றால் ஒருத்தரை ஒருத்தர் திட்டுவோம். அடுத்த முறை தோற்றால், எந்த இடத்தில் ஓட்டை என்று முதலில் பார்ப்போமா? அதை மாற்ற அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த ஆட்டத்திலேயே மாற்றலாம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி